பிரிக்கப்படாத அறுபத்தொரு பிரதிகள்

ஹேவர்ட்வெய்ட் பிரபு இறந்து நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, அவரால் ஒரு குடும்பத்தில் சண்டை வந்தது. உயிரோடிருந்த காலத்தில் அவரால் மூன்று நாடுகளுக்குள் சண்டை வந்திருக்கிறது. அதோடு பார்த்தால் இது சின்ன விஷயம்தான். ஆனால் நார்தாம்ப்டனில் சிரில் டெபட்டின் வீட்டில் ஒரு வாரம் தங்கிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

சிரில் செருப்புத் தொழிற்சாலையில் நாற்பத்தைந்து வருஷம் குதிகால் அடித்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலை பாண்டு வாத்தியக் குழுவில் கார்னெட் ஊதியவர். எந்தப் பாட்டைக் கேட்டாலும் மெட்டு மட்டும் காதில் ஏறும்; வார்த்தை ஏறாது. அவர் மனைவி வின்னி ஞாயிறு பள்ளியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள். அவளுக்கு வார்த்தை அத்தனையும் மனப்பாடம். மெட்டு மட்டும் எல்லாப் பாட்டுக்கும் ஒன்றேதான். இருவரும் சந்தித்தது ஹேவர்ட்வெய்ட் பிரபுவின் இறுதிச்சடங்கில், லண்டன் பேராலயத்துக்கு வெளியே, தூறலில், நடைபாதையில். ஒலிபெருக்கியில் மூன்றாவது பாட்டு வந்தபோது சிரில் தன் குடையை அவள் பக்கம் சாய்த்தார். அவள் தன் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்தாள். இரண்டு வருஷத்தில் கல்யாணம்.

இப்போது நாற்பதாவது கல்யாண நாள் வருகிறது. சபையில் ஒரு சின்ன ஆராதனை. "உங்க ரெண்டு பேரையும் சேர்த்துவைச்ச அந்தப் பாட்டையே பாடிடலாமே, எது அது?" என்று பாதிரியார் நல்ல மனசோடு கேட்டார். உலகத்தில் பாதிச் சண்டைகள் இப்படி நல்ல மனசோடு கேட்பவர்களால் வருகின்றன.

"கடல் பாட்டு" என்றார் சிரில்.

"மலைப் பாட்டு" என்றாள் வின்னி, அதே மூச்சில்.

பாதிரியார் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தனக்கு ஒரு ஞானஸ்நானம் இருக்கிறது என்று எழுந்துபோனார்.

"கிழவா, நாப்பது வருஷமா என்னைக் கூட வச்சுக்கிட்டு, வேற எவகூடவோ நின்னு கேட்ட பாட்டைச் சொல்றியா?" என்றாள் வின்னி.

"இந்தக் காதால கேட்டேன், வின்னி. மெட்டு இன்னும் உள்ள ஓடுது."

"நானும் இந்தக் காதாலதான் கேட்டேன். நீ கடல் பாட்டு போடு. நான் வரல. நீயே தனியா நின்னு மோதிரம் மாத்திக்க."

"நீ மலைப் பாட்டு போடு, நான் வரல."

அன்றிலிருந்து வின்னி மாடி அறையில் படுத்துக்கொண்டாள். சாப்பாடு மட்டும் மேஜைக்கு வந்தது, தொட்டுக்கொள்ளும் கடுகு விழுது இல்லாமல்.

சிரில் விசாரிக்கத் தொடங்கினார். பழைய பத்திரிகைகளில் இருந்தது மாற்றத்துக்கு முந்தின பாட்டுப் பட்டியல். பிரபுவின் மனைவி கடைசி இரவில் ஒரு பாட்டை மாற்றிவிட்டார் என்று எல்லாப் பத்திரிகையும் மறுநாள் எழுதியிருந்தது, எதை எதற்கு மாற்றினார் என்பதை மட்டும் விட்டுவிட்டு. வானொலிப் பதிவு இருந்திருக்கிறது. அதன்மேல் பிற்பாடு ஒரு கால்பந்தாட்ட வர்ணனையைப் பதிந்துவிட்டார்கள். பேராலயத்துக்கு எழுதினார். பதில் வந்தது: "திருத்தி அச்சடித்த ஆராதனை நிரல் புத்தகத்தின் எங்களிடமிருந்த எல்லாப் பிரதிகளும் ஹேவர்ட்வெய்ட் இறுதிச்சடங்கு அச்சுத்தாள் சேகரிப்போர் கழகத்தின் பாதுகாப்பில் உள்ளன. அக்கழகம் தங்கள் ஊரிலேயே இயங்குவது தாங்கள் அறிந்ததே."

சிரில் அறிந்திருக்கவில்லை. பொதுக் குளியல்கூடத்தின் மாடியில் அது முப்பத்தோரு வருஷமாக இயங்கிவந்தது. கீழேயிருந்து ஆவி வரும். ஆவி தாளுக்கு ஆகாது. ஆகையால் டிசம்பரிலும் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்து, உறுப்பினர்கள் ஓவர்கோட்டோடும் வெள்ளைக் கையுறையோடும் உட்கார்ந்திருந்தார்கள். வேறு இடம் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆவியைக் கவனிக்கத் துணைக்குழு இருந்தது. இடம் மாறினால் அதைக் கலைக்கவேண்டி வரும்.

தலைவர் லயனல் ஃபாஸ்கெட், ஓய்வுபெற்ற பல் டாக்டர். எதையும் இடுக்கியால்தான் எடுப்பார், பிஸ்கட்டைக்கூட. நல்ல கட்டைக் குரல். செயலாளர் மிஸ் பர்கிஸ் முன்பு பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருந்தவர். பிறப்பைவிட இறப்பில்தான் கையெழுத்து நன்றாக வரும் என்று அவரே சொல்வார்.

"ஒரே ஒரு விஷயம் தெரியணும்" என்றார் சிரில். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். "நிரல்ல மூணாவது பாட்டு எது?"

கீழே யாரோ தண்ணீரில் குதிக்கும் சத்தம் கேட்டது.

"மிஸ்டர் டெபட்" என்றார் ஃபாஸ்கெட், "கழகத்தோட முப்பத்தோரு வருஷ வரலாற்றுல உள்ள என்ன இருக்குன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான். இதை நான் குத்தமாச் சொல்லல. கவலையோட சொல்றேன்." அவர் இடது கை விரல் மட்டும் மேஜையில் ஏதோ தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்துவிட்டு, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எடுத்து ஒரு பக்கம் புரட்டிப் பாத்தாப் போதுமே?"

"புரட்டறதா!" மிஸ் பர்கிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நம்மகிட்ட இருக்கற அறுபத்தொரு பிரதியும் பிரிக்காதது. அச்சகத்துலேர்ந்து வந்தபடியே, விளிம்புகூட வெட்டாம, பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கு. முதல் தரம்."

"தரம்னா?"

மிஸ் பர்கிஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். "முதல் தரம், பிரிக்காதது. ரெண்டாம் தரம், பிரிச்சது. மூணாம் தரம், படிச்சது. கடைசித் தரம், துக்கம் தெரியறது."

"துக்கம் தெரியறதுன்னா எப்படிங்க?"

"கண்ணீர்க் கறை. மையைக் கலைச்சுடும்."

"செத்த வீட்டுக் காகிதம்தானே அம்மா?"

"இந்தத் துறையில இருக்கற பெரிய சிக்கலே அதுதான். வந்தவங்கள்ல நிறைய பேர் உண்மையிலேயே வருத்தப்பட்டிருக்காங்க. கழகம் அவங்களை மன்னிச்சிடுச்சு."

"அப்ப, அந்தப் படிச்ச பிரதியெல்லாம் எங்க?"

மிஸ் பர்கிஸ் முகம் மலர்ந்தது. வருஷாவருஷம் இறுதிச்சடங்கு நடந்த அதே தேதியில், முதல் தரத்துக்குக் கீழே வந்த ஒவ்வொரு பிரதியையும் தேடி வாங்கி, குளியல்கூடத்துக் கொதிகலனில் போட்டு, தொப்பியைக் கழற்றி இரண்டு நிமிஷம் மௌனமாக நின்று எரித்துவந்தார்கள். அன்று குளிக்க வந்தவர்களுக்குத் தண்ணீர் நல்ல சூடாகக் கிடைத்தது. இப்படியாக, படிக்கத்தக்க பிரதி ஒன்றுகூட மிச்சமில்லாமல் செய்து, கழகம் தன் சேகரிப்பை உச்சத்துக்குக் கொண்டுபோயிருந்தது.

கேள்வி கேட்க உறுப்பினராக இருக்கவேண்டும் என்றார்கள். உறுப்பினராக, அந்த நாளைச் சேர்ந்த அச்சுத்தாள் ஏதாவது கொண்டுவரவேண்டும். இன்னொரு விதி: சடங்கின்போது பேராலயத்துக்குள் இருந்த யாரும் உறுப்பினராக முடியாது. பொருள்மேல் பாசம் வந்துவிடும். தரம் பிரிக்கக் கை வராது.

"உள்ள போனீங்களா?" என்று மிஸ் பர்கிஸ் பேனாவைத் தூக்கினார்.

"இல்லீங்க. நடைபாதையில நின்னேன்."

"வருத்தப்பட்டீங்களா?"

சிரில் நேர்மையாக யோசித்தார். "கால் வலிச்சுது."

"அது பரவாயில்ல" என்று எழுதிக்கொண்டார்.

சிரிலிடம் ஒரே ஒரு தாள் இருந்தது. அன்றைக்கு வின்னி சாண்ட்விச் வாங்கிய காகிதப்பை. நான்கு பக்கமும் கறுப்புக் கரை போட்டு, "ஆழ்ந்த அனுதாபங்களுடன்: ஹாம் இறைச்சி, கடுகு" என்று அச்சடித்திருந்தது. அதன் பின்பக்கத்தில்தான் வின்னி அன்று தன் விலாசத்தை எழுதிக்கொடுத்தாள். அதை நாற்பத்திரண்டு வருஷமாகத் தன் கார்னெட் பெட்டியில் வைத்திருந்தார். வின்னிக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனார்.

கழகம் ஆடிப்போய்விட்டது. இப்படி ஒரு பை இருந்ததாகவே யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். பிறகு மிஸ் பர்கிஸ் பூதக்கண்ணாடியில் மூலையில் ஒரு கறையைக் கண்டார். அடுத்த கூட்டம் முழுவதும் அந்தக் கறையிலேயே போயிற்று. கறை வெண்ணெயா, மார்ஜரின் என்கிற மலிவு வெண்ணெயா? அது ரேஷன் காலம். நடைபாதைக் கடைக்காரனுக்கு வெண்ணெய் எப்படிக் கிடைத்தது? வெண்ணெய் என்றால் பை போலி. மார்ஜரின் என்றால் பை அசல், ஆனால் அசிங்கம்.

"நான்தான் தின்னேன். வெண்ணெய்தாங்க" என்றார் சிரில்.

"சம்பந்தப்பட்டவங்க சாட்சி சொல்லக்கூடாது" என்றார் மிஸ் பர்கிஸ்.

துணைக்குழு அமைத்தார்கள். பையைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சிரிலைத் தற்காலிக உறுப்பினராக்கினார்கள். ஆராதனைக்கு இன்னும் பதினைந்து நாள். வீட்டில் இப்போது உப்பும் போயிருந்தது.

"எங்க போற புதன்கிழமை புதன்கிழமை?" என்று வின்னி மாடிப்படியிலிருந்து கேட்டாள். கழகத்தின் பெயரைச் சொன்னார். "செத்த ஆளோட காகிதத்தைச் சேர்க்கறவங்களா? உனக்குப் பொருத்தமான கூட்டம்தான், போ."

அடுத்த புதன்கிழமை விசேஷப் பொதுக்கூட்டம். சிரிலின் கேள்வி நிகழ்ச்சி வரிசையில் பதினொன்றாவதாக இருந்தது. பதினொன்றுக்கு வரும்போது மணி ஏழரை. பக்கத்தைப் பிரிக்காமல் உள்ளே பார்க்க வழி உண்டா என்று விவாதித்தார்கள். யாரோ மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிடிக்கலாம் என்றார். தீயணைப்புத் துணைக்குழு ஆட்சேபித்தது. கடைசியில் ஃபாஸ்கெட் மெதுவாகத் தன் பையைத் திறந்து, பல்லுக்குப் பின்னால் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். ஒரு பிரதியை இடுக்கியால் தூக்கி, ஒட்டிய விளிம்புகளுக்கு நடுவிலிருந்த இடுக்கில் கண்ணாடியை நுழைத்தார்.

"இன்னும் அகலமா" என்றார், பழக்கத்தில்.

ரொம்ப நேரம் பார்த்தார். அவர் காது சிவந்தது.

"என்ன தெரியுது தலைவரே?"

"ஒண்ணும் தெரியல." வேறொரு பிரதியை எடுத்தார். "ஒண்ணும்... தெரியல." மூன்றாவதை எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்து மூடினார். "வெளிச்சம் போதாது. கேள்வியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கணும்னு முன்மொழியறேன்."

"அடுத்த வருஷமா!" என்றார் சிரில். "எனக்கு அடுத்த வியாழக்கிழமை கல்யாண நாள்ங்க. அது நடக்காட்டி, நான் சாகறவரைக்கும் உப்பில்லாம சாப்பிடணும்."

அப்போது கதவு திறந்தது. வின்னி. ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, மறு கையில் வெண்ணெய்க் கத்தி. கோபம் வேறு, பசி வேறு என்று நினைப்பவள். கூட்டம் நீண்டுபோனதால் கிழவனுக்குச் சாண்ட்விச் கொண்டுவந்திருந்தாள்.

"ஏழரை ஆச்சு. இந்தாளு மாத்திரை போடணும்" என்று ஆரம்பித்தவள், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள்.

"சிரில். அது என் பைதானே?"

சிரில் தொப்பியைப் பார்த்தார்.

"பாட்டு எதுன்னு கேக்கத்தான் வின்னி. இவங்ககிட்ட அறுபத்தொண்ணு இருக்கு. ஆனா ஒருத்தரும் பிரிக்கமாட்டேங்கறாங்க."

"பிரிக்கமாட்டாங்களா?" வின்னி மேஜைக்கு வந்தாள். "பாட்டுப் புத்தகத்தையா?" மிஸ் பர்கிஸ் கையுறையோடு குறுக்கே வருவதற்குள், மேலே இருந்த பிரதியை எடுத்து, வெண்ணெய்க் கத்தியை விளிம்பில் நுழைத்து, சபையில் கேக் வெட்டுகிற நிதானத்தோடு ஒரு இழுப்பு இழுத்தாள்.

உறுப்பினர் ஒருவர் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

வின்னி புரட்டினாள். இன்னொரு பக்கம் புரட்டினாள். "என்ன இது?" இன்னொரு பிரதியை எடுத்து வெட்டினாள். அதற்கடுத்ததையும்.

உள்ளே வெள்ளைத் தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை எழுத்தே கிடையாது.

சிரில்தான் முதலில் பேசினார். "மாதிரிங்க இது. எங்க ஃபாக்டரியில கடை ஜன்னல்ல வைக்க இடது கால் செருப்பு மட்டும் செய்வோம், அதுமாதிரி. தாள் கனம் எப்படி இருக்கும்னு காட்ட அட்டையை மட்டும் அச்சடிச்சு, வெறும் தாளை உள்ள வச்சு அனுப்பியிருக்காங்க. அசல் எல்லாம் அன்னிக்கு வந்தவங்க கையில போயிருக்கு. அதைத்தான் நீங்க..." கொதிகலன் இருக்கும் திசையைப் பார்த்தார்.

ஃபாஸ்கெட் எழுந்தார்.

"நண்பர்களே. இன்னிக்கு நமக்கு ஒரு அதிர்ச்சி. ஆனா நிதானமா யோசிச்சா இது நல்ல அதிர்ச்சி. படிக்காத பிரதி முதல் தரம்னு நாம இதுவரைக்கும் நினைச்சோம். படிக்கவே முடியாத பிரதிக்கு நம்மகிட்ட தரமே இல்ல. இதுல எந்த மனுஷன் பார்வையும் படல. எந்த மனுஷன் கருத்தும் படல. துக்கம் வர்றதுக்கு இதுல இடமே கிடையாது. நாம தெரியாமலே இந்த நாட்டுலயே தூய்மையான சேகரிப்பை வச்சிருந்திருக்கோம். 'தூய தரம்'னு ஒண்ணு புதுசா ஏற்படுத்தணும்னு முன்மொழியறேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கையுறை போட்ட கைகள் என்பதால் சத்தம் மட்டும் குறைவு. வெட்டப்பட்ட மூன்று பிரதிகளுக்கு இரண்டு நிமிஷம் மௌனம் காத்தார்கள். சிரிலின் உறுப்பினர் பதவி ரத்தாயிற்று.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் ஒரு சாண்ட்விச்சைப் பாதி பாதியாகத் தின்றுகொண்டு நின்றார்கள். தூறல் விழுந்தது. சிரில் குடையைச் சாய்த்தார்.

"இனி யாருக்கும் தெரியாது" என்றார். "உன் பாட்டையே போடச் சொல்லிடறேன்."

"வேணாம். நீ விட்டுக்கொடுத்தா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவே."

"மிஸ்டர் டெபட்!"

ஃபாஸ்கெட் தொப்பியில்லாமல் ஓடிவந்தார். பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டார். கோட்டுக்குள் கையை விட்டு, நான்காக மடித்த ஒரு நிரல் பிரதியை எடுத்தார். இடுக்கி இல்லாமல், வெறும் விரலால்.

பையில் இருந்த அதே கறுப்புக் கரை. ஓரம் கிழிந்து, நடுவில் மை கலங்கி, எல்லாத் தரத்துக்கும் கீழே ஒரு தரம்.

"நான் உள்ளதான் இருந்தேன்" என்றார். "பாடகர் குழுவுல. ரெண்டாவது வரிசை, கட்டைக் குரல். அப்ப எனக்கு வயசு இருபத்திரண்டு. சவப்பெட்டியைத் தூக்கிட்டு வந்தப்ப என்னால முடியல. எனக்கு அவரை யாருன்னே தெரியாது, எதுக்கு அழுதேன்னும் தெரியாது. வருஷாவருஷம் எரிக்கறதுக்காக எடுத்துட்டுப் போவேன். வருஷாவருஷம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னுடுவேன். மாரடைப்புன்னு நினைச்சு எனக்கு நாற்காலி போடுவாங்க."

வின்னி விளக்குக் கம்பத்தடியில் அதை விரித்துப் பிடித்தாள். ஆறாம் பக்கம். உரக்கப் படித்தாள். மலையும், மலையேறுகிறவனும், உச்சியில் வெளிச்சமும்.

"மலைப் பாட்டு!" என்றாள். "மலை, மலை, மலை! பாத்தியா கிழவா!"

"அம்மணி" என்றார் ஃபாஸ்கெட், ரொம்ப மரியாதையாக, "கீழ சின்ன எழுத்தைப் பாருங்க. வார்த்தை அதுதான். ஆனா மலைப் பாட்டோட மெட்டு பிரபுவோட மனைவிக்குப் பிடிக்காது. புருஷன் கடற்படைக்காரர் ஆச்சேன்னு கடல் பாட்டு மெட்டுல அதைப் பாடச் சொன்னாங்க. அளவு சரியாப் பொருந்திடுது. எங்களுக்கே முந்தின நாள்தான் சொன்னாங்க."

வின்னி சிரிலைப் பார்த்தாள். சிரில் வின்னியைப் பார்த்தார்.

"எப்படி இருக்கும் அது?" என்று சிரில் கேட்டார்.

கழகத் தலைவர் பஸ் நிறுத்தத்தில் நின்று பாடினார். கட்டைக் குரல்தான், வயசானதில் கொஞ்சம் கரகரத்தது. இரண்டாம் சரணத்தில் கண் கலங்கி, தாளின்மேல் ஒரு சொட்டு விழுந்தது.

"தரம் போயிடும்ங்க" என்று சிரில் குடையை அந்தப் பக்கம் நீட்டினார்.

"இனிமே போக இதுல ஒண்ணுமில்ல, மிஸ்டர் டெபட்."

பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார். "ஏறுறீங்களா, இல்ல கச்சேரி முடியட்டுமா?"

"முடியட்டும், கண்ணு" என்றாள் வின்னி. "இன்னும் ஒரு சரணம் இருக்கு."

வியாழக்கிழமை சபையில் அந்தப் பாட்டை அப்படியே பாடினார்கள். வின்னியின் வார்த்தை, சிரிலின் மெட்டு. தான்தான் ஜெயித்ததாக இருவரும் விருந்தில் தனித்தனியாக எல்லோரிடமும் சொன்னார்கள். மேஜையில் கடுகு இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே காகிதப்பை. கூடவே மிஸ் பர்கிஸின் கடிதம், அழகான இறப்புக் கையெழுத்தில்: "கறை வெண்ணெய்தான் எனத் துணைக்குழு முடிவு செய்துள்ளது. எனினும், பின்பக்கத்தில் ஒரு பெண்ணின் விலாசம் காணப்படுவதால், பை உபயோகிக்கப்பட்டது தெளிவாகிறது. ஆகவே நிராகரித்துத் திருப்பி அனுப்புகிறோம். தங்கள் கல்யாண நாள் ஆராதனை நிரல் அச்சிடப்பட்டதாக அறிகிறோம். எதிர்காலத் தேவைக்காக, பிரிக்கப்படாத பிரதி ஒன்றை அனுப்பி உதவவும்."

அதன் அடியில், வேறு மையில், அவசரமாகக் கிறுக்கியிருந்தது: "எனக்குத் தனியாக ஒன்று. பிரித்தது. முடிந்தால் வெண்ணெயோடு. — எல்.எஃப்."

வின்னி கல்யாண நாள் நிரல் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து கட்டைவிரலை வெண்ணெயில் நன்றாக ஒற்றினாள்.